பெட்ரோல் பங்க் எதிரே, வலது பக்கம்

டிக் டிக் டிக் என்று இண்டிகேட்டர் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பிடாதிதான் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்குக்கு எதிரே டிவைடரில் விட்டிருந்த இடைவெளிக்குள் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு கால்களையும் தாரில் அழுத்தி ஊன்றி, எதிர்ப்பக்கத்து வண்டிகள் எப்போது ஓயும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவை ஓய்கிற வண்டிகளாகத் தெரியவில்லை. பால் வேன் போனது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலேஜ் பஸ், அப்புறம் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஒரு பெயிண்டர். ஏணி அவருக்கு முன்னாலும் பின்னாலும் நீண்டு கிடந்ததால் அவர் ஒருவரே மூன்று வண்டிக்குச் சமம். இப்போது போகலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அந்த இப்போது போய்விட்டது, அதன் இடத்தில் ஒரு சிமெண்ட் லாரி. சரி, லாரி போகட்டும். லாரிக்குப் பின்னால் ஆட்டோ. ஆட்டோவும் போகட்டும், அவருக்கு என்ன அவசரமோ. இப்படியே பாளையங்கோட்டையில் உள்ள எல்லாரும் போய் முடித்த பிறகு நாம் நிம்மதியாகத் திரும்பிக்கொள்ளலாம், சாயங்காலம் ஆறு மணி ஆகும், அதுவரை அப்பா பின்னால் உட்கார்ந்திருப்பார், மாவுக்கட்டுப் பிரிக்கிற டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். எதிரே அந்தத் தெரு நன்றாகத் தெரிந்தது. தெருமுனையில் டீக்கடை, அதை அடுத்து எலும்பு டாக்டரின் பச்சை போர்டு, போர்டில் ஓர் எலும்பு சிரித்துக்கொண்டே உடற்பயிற்சி செய்தது. முப்பது அடி இருக்குமா? இருபத்தைந்துதான் இருக்கும். இருபத்தொரு வயதில் ஒரு பொம்பளை இருபத்தைந்து அடி தாண்ட முடியாமல் நிற்கிறாள் என்று முப்பிடாதி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் கால்கள் தாரில் இன்னும் கொஞ்சம் அழுந்தின.

இத்தனைக்கும் அவள் இங்கே திரும்புவதாகவே இல்லை. நேராகப் போய், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரவுண்டானாவை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து, இதே தெருவுக்குள் இடது கைப்பக்கமாக நைசாக நழுவிவிடலாம் என்பதுதான் திட்டம். ஆறு வாரமாகத் தினமும் செய்வதும் அதுதான். அப்பா கேட்டால் சொல்வதற்கு ஒரு வரிகூடத் தயாராக இருந்தது: ரவுண்டானா பக்கம் காத்து நல்லா வரும்ப்பா. பங்க் நெருங்கும்போது வேகத்தைக் குறைக்காமல், இண்டிகேட்டர் போடாமல், அந்தப் பக்கம் முகத்தையே காட்டாமல், கடன்காரன் வீட்டைத் தாண்டுகிறவள்போல் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் வலது தோளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ நீண்டது. அப்பாவின் மாவுக்கட்டுக் கை. ஊருக்கே வழிகாட்டுகிறவர் மாதிரி கையை வெளியே முழுசாக நீட்டிவிட்டார். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டது, பைக்குகள் ஒதுங்கின, ஒரு கார் நின்றே விட்டது. மாவுக்கட்டுக்கு இருக்கிற மரியாதை இண்டிகேட்டருக்குக் கிடையாது. இத்தனை பேர் மெனக்கெட்டு வழி விட்ட பிறகு திரும்பாமல் போனால் என்ன நினைப்பார்கள்? முன்பின் தெரியாத ஒரு கார்க்காரர் என்ன நினைப்பார் என்பதற்காக அவள் இண்டிகேட்டரைத் தட்டி, இந்த இடைவெளிக்குள் வந்து மாட்டிக்கொண்டாள். இனி ரவுண்டானா கிடையாது. முன்னால் போனால்தான் உண்டு.

"வாரான் பாரு, ஒருத்தன் வாரான்" என்றார் அப்பா. "பாத்துட்டேன்ப்பா." "பைய. அவசரப்படாத. இப்பம் போலாம். ஏட்டி வேண்டாம், நில்லு நில்லு, பின்னால ஒரு புல்லட்டு வருது." புல்லட் வந்தது, போனது, போன பிறகும் கொஞ்ச நேரம் அதன் சத்தம் அவள் ஹெல்மெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கொம்பையா டவுன் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனுஷன், ஆறு வாரத்துக்கு முன்னால் காலண்டர் மாட்டுவதற்காக ஸ்டூலில் ஏறி, அசையாமல் நின்ற ஸ்டூலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காலண்டர் மட்டும் பத்திரமாகச் சுவரில் இருந்தது. அன்றைக்குத்தான் ஸ்கூட்டர் சாவி முப்பிடாதி கைக்கு வந்தது. லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதமாகியும் வராத சாவி. இன்றைக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள், பிரித்தால் சாவி பழையபடி அப்பாவின் சட்டைப் பைக்குள், விசிலுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிப் போகக்கூடாது, ஏனென்றால் மத்தியானத்துக்குள் அவள் லேப் மேடத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எதிரே தெரிகிற தெருவிலேயே கடைசிக் கட்டடம் அந்த லேப். எட்டு மாதமாக அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறாள். வீடு வீடாகப் போய் எடுக்கிற அக்கா கல்யாணமாகிப் போகிறாள். அந்த வேலை வண்டி வேலை, காலையில் ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்துக்குள் பதினைந்து வீடு, சம்பளமும் கூட, எல்லாவற்றையும்விட, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் வயசானவர்கள் வாசலில் இவளைக் கண்டதும் கதவைத் திறந்து, வாம்மா என்பார்கள். மேடம் முந்தாநாள் கேட்டார்: "நீ போறியா முப்பிடாதி? வண்டி நல்லா ஓட்டுவேல்லா?" இவள் யோசிக்காமல் "ஓட்டுவேன் மேடம்" என்றுவிட்டாள். வீட்டில் சொன்னபோது அப்பா சாதத்தைப் பிசைகிற இடது கையை நிறுத்தினார். "டெப்போவுக்கு நான் நடந்தே போயிருவேன், வண்டி பெருசில்ல. ஆனா மொதல்ல என்னைய ஏத்திட்டு எலும்பு டாக்டர் வரைக்கும் போ. பின்னால உக்காந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன். அந்தப் பெட்ரோல் பங்க் எதிர்த்தாப்புல திரும்பிருவியா?" அவள் கூசாமல் சொன்னாள்: "தெனமும் அங்கனதானப்பா திரும்புதேன்."

பொய்தான். சோற்றுத்தட்டுக்கு முன்னால் சொன்ன பொய். ஆனால் அதை எப்படி விளக்குவது? அவள் ஊரே இடது பக்கமாகத்தான் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு இடது, இடது, இடது. தோழி வீட்டுக்குப் பள்ளிவாசலைச் சுற்றி இடது. கோயிலுக்குப் போவது சுலபம், சாமியையே அப்படித்தான் சுற்றுகிறோமே என்று ஒருநாள் நினைத்து, இல்லை, பிரதட்சிணம் என்பது வலமாக வருவதல்லவா, சாமியும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது என்று வருத்தப்பட்டாள். மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள். இந்தப் புத்தியை வேறு எதிலாவது செலவழித்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம் என்று தோன்றும்போது சிரிப்புத்தான் வரும். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வெட்கம். வெட்கத்துக்கும் அடியில் ஒரு சைக்கிள் கிடந்தது.

பதின்மூன்று வயது. ரெட்டைச் சடை, பச்சைப் பாவாடை, அம்மாவின் பழைய சைக்கிள், கேரியரில் டியூஷன் நோட்டு. வேறொரு ரோடு, வேறொரு திருப்பம், ஆனால் இதே வலது பக்கம். பாதி ரோட்டுக்குப் போனவள் ஒரு லாரி ஹாரனுக்கு அப்படியே நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, ரோட்டுக்கு நடுவில் கம்பம் நட்டதுபோல். லாரி நின்றது, லாரிக்குப் பின்னால் எல்லாம் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரோட்டில் காலங்காலமாகக் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஏ பாப்பா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" அது சாகக் கிளம்பியவர்களைக் கேட்கிற கேள்வி என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. பெரியவர் ஒருத்தர் கேட்கிறார், பதில் சொல்வதுதான் மரியாதை. "சொல்லிட்டுத்தான் வந்தேன், டியூஷனுக்கு" என்றாள். டீக்கடை மொத்தமும் சிரித்தது. லாரி டிரைவர் சிரித்தார், கிளீனர் சிரித்தான், டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை, இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள், டியூஷனுக்கும் போகவில்லை, அதற்கப்புறம் எட்டு வருஷம் வலது பக்கமும் போகவில்லை.

டிக் டிக் டிக். ஒரு ஸ்கூல் வேன். ஸ்கூல் வேனுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அப்பாவின் மாவுக்கட்டைப் பார்த்துக் கையசைத்தது, அப்பாவும் அந்த வெள்ளைக் கையைத் தூக்கி அசைத்தார், வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "எப்பா, ஆடாதீங்க." "நான் எங்கட்டி ஆடுதேன், நீதான் ஆடுத." வியர்வை ஹெல்மெட்டுக்குள் ஒரு கோடாக இறங்கிக் காதைத் தொட்டது. உன்னால் முடியாது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது யார் குரல் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். அப்பா குரல் இல்லை, லாரி டிரைவர் குரலும் இல்லை, கேட்டுக்கேட்டுப் பார்த்தால் அவள் குரல் மாதிரியேதான் இருக்கிறது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி. அந்தக் குரலுக்கு ஞாபகசக்தி அதிகம். ஏழாம் வகுப்பில் புது டீச்சர் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது முப்பிடாதி என்ற பெயருக்கு முன்னால் ஒரு நொடி நின்று நிமிர்ந்து பார்த்தது, அதற்கு இவள் உள்ளேன் ஐயா என்று டீச்சரிடம் சொன்னது, கோகோ விளையாட்டில் அணிக்கு இவளைக் கடைசி ஆளாக எடுத்தது, காலேஜில் பெயர் கேட்டவனிடம் முபி என்று சொல்லி, இது எந்த ஊர்ப் பேர் என்று அவன் கேட்டது. எல்லாம் தேதிவாரியாக வைத்திருக்கிறது. ஆனால் நல்லதாக நடந்தது ஒன்றைக் கேட்டால் அந்தக் குரல் தும்மிவிட்டுப் போய்விடும்.

நல்லதாக நடந்தது இல்லாமலா போய்விட்டது? போன மாதம் ஒரு பாட்டி வந்தார்களே. தொண்ணூறு வயது, கோரைப்புல் மாதிரி கை, கையில் ஒரு நரம்புகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சீனியர் அக்கா இரண்டு தடவை குத்திவிட்டு, நீ பாரு என்று விலகிக்கொண்டாள். மகன்காரர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறார். முப்பிடாதி அவசரப்படவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். நரம்பைக் கண்ணால் தேடினால் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற நரம்பு ஊசியைக் கண்டதும் நழுவிவிடும், கண் பயந்தால் நரம்பு பத்தாகத் தெரியும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. விரல் நுனியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அழுத்தக்கூடாது, தேடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் விரலுக்கு அடியில் மெத்தென்று ஒன்று மேலே எழும்பும். அதுதான். அப்போது யோசிக்கக்கூடாது, அப்போது போய்விட வேண்டும். யோசித்தால் கை நடுங்கும், பாதியில் நிறுத்தினால்தான் வலிக்கும். போனாள். ஒரே குத்து. பாட்டிக்குத் தெரியவே இல்லை, "எப்பம்மா குத்துவ?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகக் குழாய் நிறைந்துவிட்டது. மகன்காரர் கட்டிய கையை அவிழ்த்து, "தங்கச்சி பேரென்ன?" என்றார். முப்பிடாதி என்றாள். முழுசாக. "எங்க ஆச்சி பேரு" என்று அவர் சிரித்தார். அதை வீட்டில் வந்து யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிள் கதையை மட்டும் எட்டு வருஷமாகத் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஓரவஞ்சனையை நாமே நமக்குச் செய்துகொண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

"ஏட்டி, இப்பம் போ, இப்பம் போ, ரோடு காலி" என்று அப்பா முதுகில் மாவுக்கட்டால் ஒரு இடி இடித்தார். இடித்த வேகத்தில் அவள் ஆக்சிலேட்டரைத் திருகினாள். ரோடு காலியில்லை. காலியாக இருந்தது ஒரு கணம் முன்னால். வண்டி நாலடி முன்னே பாய்ந்தது, "நில்லு நில்லு நில்லு" என்று அப்பாவே கத்தினார், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள், முன்சக்கரம் எதிர்ச்சாலைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது, அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு லோடு ஆட்டோ கிறீச்சென்று நின்றது. வாழைத்தார் லோடு. தார்கள் எல்லாம் ஒருதரம் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. அப்புறம் ஒரு மௌனம். அவளுக்கு இந்த மௌனம் தெரியும். பச்சைப் பாவாடையும் ரெட்டைச் சடையுமாக இதற்குள் அவள் ஒருதடவை நின்றிருக்கிறாள். இனி என்ன வரும் என்றும் தெரியும், டீக்கடையில் தலைகள் திரும்புகின்றன, லோடு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டுகிறார், நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்குகிறார், வரப்போகிறது, வந்தது. "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

பின்னால் அப்பா மூச்சை இழுப்பது அவள் முதுகில் தெரிந்தது. கண்டக்டர் குரல் கிளம்பப் போகிறது, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல், அது கிளம்பினால் இந்த ரோட்டில் சண்டைதான், சண்டை முடிந்ததும் அப்பா வண்டியை விட்டு இறங்குவார், சாவியைக் கேட்பார். அதற்குள் ஒரு குரல் கேட்டது. ஜலதோஷம் பிடித்த குரல் இல்லை, தெளிவான, சத்தமான, கொஞ்சம் குறும்பான குரல். அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று முப்பிடாதிக்குப் பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது. "சொல்றதென்ன அண்ணாச்சி, வீட்டையே பின்னால ஏத்திட்டுத்தான் வந்திருக்கேன்."

லோடு ஆட்டோக்காரர் பின்னால் பார்த்தார். மாவுக்கட்டும் மீசையும் பாதி திறந்த வாயுமாக வீடு உட்கார்ந்திருந்தது. அவருக்கு முதலில் புரையேறியது, அப்புறம் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டீக்கடை சிரித்தது. அதே சிரிப்புத்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, டீக்கடைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் சிரிக்கின்றன, ஆனால் இந்தத் தடவை அதில் அவளுடையதும் இருந்தது. "நல்ல வீடும்மா, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஒடித்து எடுத்துக்கொண்டு போனார். முப்பிடாதி காலால் தள்ளி ஸ்கூட்டரைப் பழையபடி இடைவெளிக்குள் கொண்டுவந்தாள். பயம் இன்னும் போகவில்லை. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னா..." என்று அப்பா ஆரம்பித்தார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அவளும் ஆரம்பித்தாள். "எப்பா, நீங்க டிரைவர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?" "எந்த டிரைவர்கிட்ட?" "ஒங்க பஸ் டிரைவர்கிட்ட. இப்பம் போ, நில்லு, அவன் வாரான், இவன் வாரான்னு பின்னாலருந்து சொல்லுவீங்களா? முதுகுல இடிப்பீங்களா?" சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்காரவைப்பார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். திரும்பிப் பார்த்தால் அப்பா ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக, யாரோ ஒரு அக்காவின் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு நிற்பார். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். நடுவில் பஸ் எங்கே வளைகிறது, எதை முந்துகிறது என்று ஒருநாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. "பேச மாட்டேன்" என்றார் அப்பா கடைசியில், சின்னக் குரலில். "அது அவன் வேலைல்லா." "அப்பம் நான் டிரைவர். நீங்க கண்டக்டர்." "சரி" என்றார். அவர் வாய் மூடினால் இந்த ரோட்டில் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இண்டிகேட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, நாடி பார்க்கிறபோது அடிக்குமே, அந்த நிதானத்தில். அவள் பார்த்தாள், ஆனால் தேடவில்லை. ஒரு கார். கார் வருகிற வேகம் தெரிந்தது, அது போகட்டும். இரண்டு பைக், ஒன்றையொன்று முந்திக்கொண்டு, போகட்டும். பயந்து நின்றபோது எல்லாம் ஒரே வண்டியாக, முடிவில்லாத ஒரே நீள வண்டியாகத் தெரிந்தது. இப்போது தனித்தனியாக இருந்தன, நடுவில் இடமும் இருந்தது, சில இடம் சிறிது, சில இடம் பெரிது. ஒரு பஸ் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால், பஸ் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மெத்தென்று ஒன்று எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. அதுதான். யோசிக்கவில்லை. பஸ்ஸின் வால் தாண்டியதும் வெறும் ரோடு, தூரத்தில் ஒரு டிராக்டர், கால்கள் தாமாகவே மேலே வந்தன, கை ஆக்சிலேட்டரைத் திருகியது, முன்சக்கரம் போனது, பின்சக்கரம் போனது, அப்பா போனார், மாவுக்கட்டு போனது, பாதியில் நிற்கவில்லை, நிற்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் தாண்டிப் போனாள். முக்கால்வாசி ரோட்டைக் கடந்த பிறகு அவள் காதுக்குப் பின்னால் கீச் கீச் என்று இரண்டு விசில் கேட்டது. பஸ் கிளம்பி அடுத்த ஸ்டாப்பே வந்துவிட்ட பிறகு அடிக்கிற விசில். டீக்கடையில் யாரோ கைதட்டினார்கள். எலும்பு டாக்டரின் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினாள். காற்று நன்றாக வந்தது. ரவுண்டானாவில் வருவதைவிட நன்றாக.

அப்பா இறங்கி, விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். வந்த இடைவெளியை, லாரிகளை, அந்தப் பக்கம் பெட்ரோல் பங்கை. கொஞ்ச நேரம் மீசையை நீவினார். "ஒரு விஷயம் சொல்லுதேன், அம்மாட்ட சொல்லாத" என்றார். "நான் இந்த இடத்துல வண்டியத் திருப்புனதே கெடையாதுட்டி." முப்பிடாதிக்குப் புரியவில்லை. "பின்ன எப்பிடிப்பா இந்தப் பக்கம் வருவீங்க?" "எறங்கி உருட்டிட்டு வருவேன். நடந்து போறவங்களோட சேந்துக்கிடுவேன். யாரும் கேட்டா பெட்ரோல் தீந்துபோச்சும்பேன்." பெட்ரோல் பங்குக்கு எதிரே நின்றுகொண்டா என்று அவள் கேட்க நினைத்தாள், சிரிப்பில் கேட்க வரவில்லை. "இருவத்தாறு வருசமா ஜனங்களப் பாத்துட்டே நின்னவன்ட்டி நான். ரோட்டப் பாத்தா எனக்கு பயம்." "அப்பம் எதுக்குப்பா அவ்ளோ தைரியமா கைய நீட்டுனீங்க?" அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார், இது என்ன கேள்வி என்பதுபோல். "நீதான தெனமும் அங்கன திரும்புதேன்னு சொன்ன? எம்பிள்ளைக்குத் தெரியுமேன்னு நீட்டுனேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அத்தனை நில்லு நில்லுவும் அவருடைய பயம், கை மட்டும் அவள்மேல் வைத்த நம்பிக்கை. அவளுக்கு அது நேர்மாறாகக் கேட்டிருக்கிறது. பொய்யை இனியும் வைத்திருக்க முடியவில்லை. "எப்பா, நானும் இன்னைக்குத்தான் மொதத் தடவ திரும்புதேன்" என்றாள். அப்பா முழித்தார். ரோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் டாக்டர் வாசலில் நின்று, உள்ளே இருந்த நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். "நல்லவேளை, முன்னாலயே சொல்லாம இருந்த" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பா உள்ளே போனார். சாவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அது அவள் கையிலேயே இருந்தது, உள்ளங்கை வியர்வையில் நனைந்து.

லேப் மேடம் மூன்றாவது ரிங்கிலேயே போனை எடுத்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருவேன் மேடம்" என்றாள். "வண்டி?" "வண்டியிலதான் மேடம்." முதல் வீடு எங்கே என்று அவளே கேட்டாள். மேடம் சொன்ன விலாசத்தை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டி தாண்டி, ரைஸ் மில் எதிரே, ஆமாம், அங்கே ஒரு வலது உண்டு. ஜலதோஷக் குரல் ஏதோ சொல்ல வாயெடுத்தது. சொல்லட்டும் என்று விட்டாள், அதற்கும் ஒரு வயசு இருக்கிறது, பாவம். உள்ளே மாவுக்கட்டை அறுக்கிற சத்தம் கேட்டது, கூடவே அப்பா நர்ஸிடம் சொல்கிற சத்தமும்: "எம்மவதான் கூட்டிட்டு வந்தா, பெட்ரோல் பங்க் எதிர்த்தாப்புல திரும்பி." முப்பிடாதி வாசலிலிருந்து இறங்கி வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். இங்கிருந்து வீட்டுக்குப் போகும்போது தெருமுனையில் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.